ஏழாம் படுக்கையின் மணி

எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கி வீசியிருப்பேன். கம்பெனி சொத்து என்பதால் தப்பித்தது.

மருத்துவமனையில் நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். அந்த மென்பொருள் எங்களுடையது. ஓடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும். மூன்று முறை மணியை உடனே அணைத்தால், தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை சத்தத்தைக் கேட்காத அளவுக்குக் குறைத்துவிடும். அப்படிக் குறைந்த மணி அங்கே நர்ஸாக இருக்கும் என் அக்காவுக்குக் கேட்கவில்லை. ஏழாம் படுக்கைப் பெரியவர் தானே எழப்போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ‘மணி அடித்தும் வரவில்லை’ என்று அக்காவுக்கு மெமோ. வேலையே போகும் நிலைமை.

இப்படிப்பட்ட மென்பொருளை மாதிரியாக வரைய இரண்டு முறைகள் உண்டு. எது மேல் என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. ஒன்றில் நிலைகளைக் கட்டங்களாக வரைய வேண்டும்: மணி அடித்தது, அணைந்தது, சத்தம் குறைந்தது. மற்றதில் நோக்கத்தை முதலில் எழுத வேண்டும்: கூப்பிட்டால் ஒருவர் வர வேண்டும். பெரியவர் விழுந்த அன்றைய பதிவை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். முதலாவதில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எல்லாம் சரி. இரண்டாவதில் அந்த ஒற்றை வரி சிவப்பு.

அதை அறிக்கையின் ஒப்பீட்டு அட்டவணையில் கடைசி வரிசையாகப் போட்டேன். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் அவருக்கு வைத்த பெயரே பச்சைக்கட்டம்.

“கட்டம் வரைய ரெண்டு மணி நேரம், மத்ததுக்கு மூணு நாள். இதோட முடிச்சுக்கோ. கடைசி வரிசைய எடுத்துடு.”

“விஷயமே அதுதான் சார்.”

“அக்காங்கற பாசம் பேசுது. மணி அடிச்சிருக்கு, வராதது அவங்க தப்பு.”

அக்கா ஒருத்திக்குப் பதினெட்டுப் படுக்கை. பாதி மணி கை தவறி அழுத்தியது. அணைக்காமல் கட்டிக்கொண்டு அழுவாளா?

மறுநாள் காலை மருத்துவமனைக்காரர்கள் அறிக்கையைக் கேட்க வந்திருந்தார்கள். அக்காவின் மெமோவில் கையெழுத்துப் போட்ட தலைமை நர்ஸ், மேட்ரனும் இருந்தார். மேனேஜர் கட்டங்களின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அதே மென்பொருள் ஓடும் சோதனை மணி அவர் கையருகே, பொத்தான் என்னிடம். அழுத்தினேன். பேச்சு கெடுகிறதென்று அணைத்தார். மறுபடி அழுத்தினேன், அணைத்தார். மூன்றாவது தடவை என்னை முறைத்துக்கொண்டே அணைத்தார்.

நான்காவது தடவை அழுத்தினேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். “சார், மணி அடிச்சு ஒரு நிமிஷமாச்சு. திரையில பாருங்க, கட்டம் பச்சை. நீங்க ஏன் வரல? மெமோவ உங்க பேருக்கு எழுதட்டுமா?”

மேட்ரன் எழுந்து வந்து, குனிந்து, மணிக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

“எனக்கும் கேக்கலையேம்மா,” என்றார். “அந்தக் கடைசி வரிசையக் காட்டு.”