இந்தப் பக்கம் மேலே

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, ஒரு ஃப்ரீசரின் பிளக்கிலிருந்து உதித்தது. அந்த பிளக் இப்போது என் மடியில் இருக்கிறது. ஃப்ரீசர் ஐந்தே முக்கால் அடி உயரம், வெள்ளை வெளேர் நிறம், உள்ளே நான்கு இழுப்பறை. அதற்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை பதினோரு மணிவரை யாரும் பிளக்கைச் சொருகாமல் பார்த்துக்கொள்வது எனக்கு இடப்பட்ட வேலை. சும்மா இருக்கும் கை பிளக்கையே நோண்டுகிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன். இதைவிட மட்டமான காரணங்களுக்காகவும் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

முதல் வரிதான் அமையவில்லை. முயன்றவை:

"பனி படர்ந்த அந்த..." (எந்த? இன்னும் கரண்டே கொடுக்கவில்லை.)

"அவர் தன் வாழ்நாளில் கிழித்தது ஒரே ஒரு பக்கம், அது ஆறாம் பக்கம்." (நல்ல வரி. ஆனால் இதை இப்போதே சொல்லிவிட்டால் மூன்றாம் பகுதியில் நான் என்ன செய்வது? அடித்துவிட்டேன். நீங்கள் படிக்கவில்லை.)

"ஒரு ஊரில் ஒரு ஃப்ரீசர்..." (சீ.)

ஆகவே முதல் வரி இல்லாமலேயே தொடங்குகிறேன். சாவி தொலைந்தால் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போவதில்லையா?

2

கதாநாயகனின் பெயர் கையேடு. வீட்டார் வைத்தது. எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார். படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார். புதுக் குடை வாங்கிய அன்று நல்ல மழை. குடையோடு வந்த துண்டுச்சீட்டை மழையில் நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டுத்தான் விரித்தார். 'ஈரத்துடன் மடக்கி வைக்க வேண்டாம்' என்று போட்டிருந்தது. அன்று குடையில் ஈரமே இல்லை. அவரைத்தான் கொடியில் காயப்போட வேண்டியிருந்தது.

உத்தியோகம்: மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர். இருபத்திரண்டு வருடமாக அட்டைப்பெட்டிகளில் மேல்நோக்கிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அம்புக்குக் கீழே 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருக்கும். ஒரு பெட்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் அவர் முகம் அதைவிட அதிகமாகச் சாய்ந்துவிடும்.

(கவனிக்க: இவர் என் அப்பா அல்ல. என் அப்பாவுக்கு மீசை உண்டு, கையேட்டுக்கு முதல் திருத்தத்திலேயே மீசையை எடுத்துவிட்டேன். இவருடைய மனைவி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். என் அம்மாவும் ஸ்கூல் பஸ்தான் ஓட்டுகிறார். உலகத்தில் ஸ்கூல் பஸ்களுக்கா பஞ்சம்?)

அந்த மனைவியை டிரைவரம்மா என்று எழுதுகிறேன். அவருடைய தோழி ஒருவர் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். கடையை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். மிச்சமிருந்த பதினாறு பெரிய டப்பாக்களையும், "நீயே வச்சுக்கடி, உனக்குத்தான் இது மேல உசிரு" என்று டிரைவரம்மாவுக்கே கொடுத்துவிட்டார். அவற்றை வைக்கத்தான் ஃப்ரீசர். தெருவில் கிடந்த லாடத்துக்காகக் குதிரை வாங்கிய குடும்பம் இது. நம்ப முடியாவிட்டால் அது என் குற்றமில்லை, அவர்கள் குற்றம்.

3

குற்றம் நடந்தது நேற்று, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஃப்ரீசர் கடை வாசலில்.

கையேடு பெட்டியைச் சுற்றிவந்து நான்கு பக்கத்து அம்புகளையும் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தார். அப்போது வேன்காரர் பின்கதவைத் திறந்தார்.

"சார், இது நிக்காது. என் வண்டி உள்ள நாலரை அடி. உங்க பெட்டி ஆறடி. படுக்கப் போட்டா போயிடும்."

"படுக்கப் போடக் கூடாதுப்பா. அம்பு போட்டிருக்கு பாருங்க."

"அம்புதானே சார்? அது பாட்டுக்கு இருக்கும்."

"பெரிய வண்டி இல்லையா?"

"இருக்கு. புதன்கிழமை வரும்."

இந்த இடத்தில் கையேட்டின் மனப்போராட்டத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதுவதாகத் திட்டம். கடல், அலை, பிளவுபட்ட ஆன்மா எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் நான்கே விநாடியில் முடிவெடுத்துத் தொலைத்தார். ஐஸ்கிரீம் அன்று மாலை நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. புதன்கிழமைவரை அது ஐஸ்கிரீமாக இருக்காது, பாயசமாகிவிடும்.

"மெதுவா படுக்க வைங்க," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

வேன் கிளம்பியது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு வேன்காரரின் முதுகைக் காட்டியது. கையேடு ஃப்ரீசரின் கையேட்டைப் பிரித்து ஆறாம் பக்கத்தைப் படித்தார்:

'ஃப்ரீசரை நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துச் செல்லவும். படுக்கவைக்க நேர்ந்தால், இருபத்து நான்கு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின் இணைப்பு கொடுக்கவும்.'

கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. பெட்டி படுத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும், நிமிர்த்திய பிறகு மெல்ல மெல்ல இறங்கி வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டு ஓட்டினால் கம்ப்ரஸர் போய்ச் சேர்ந்துவிடும்.

புத்தகத்தின் முனையைக்கூட மடக்காத மனிதர், சர்ரென்று அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தார்.*

பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்திருந்தான். கதைக்கு அவன் தேவையில்லை. "வீட்ல மூச்சு விடக் கூடாது," என்று கையேடு அவனிடம் சொன்னார். அவன் மூச்சு விடவில்லை. எழுதுகிறான். அது வேறு.

* ஆறாம் பக்கத்தைக் கிழித்தால் அதன் மறுபக்கமான ஐந்தாம் பக்கமும் கூடவே போகும். பெரும் குற்றவாளிகள் கோட்டைவிடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

4

வீடு. மணி பதினொன்று. ஃப்ரீசர் நிமிர்ந்தது. இனி நாளைக் காலை பதினோரு மணிவரை அதற்கு மின்சாரம் ஆகாது. ஐஸ்கிரீம் வர ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் போன மாதம் டிரைவரம்மா பையில் ஃப்ளாஸ்க்கைப் படுக்கவைத்ததற்காக, காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு இரண்டு வேளையும் உரை நிகழ்த்தியவர் இவர். 'நிமிர்ந்து நிற்க வேண்டியதை நிமிர்த்தி வைக்கத் தெரியாதவர்கள்' என்று பன்மையில் வேறு பேசினார். இப்போது ஆறடிப் பெட்டியைப் படுக்கவைத்த கதை வெளியே வந்தால், இருபத்திரண்டு வருட அம்புகள் அத்தனையும் கீழே பார்க்கத் தொடங்கிவிடும்.

டிரைவரம்மா பிளக்கைக் கையில் எடுத்தார். "போடட்டுமா?"

"இரு, இரு! சுவரோட ஒட்டி நிக்குது. பின்னாடி நாலு விரல் இடம் விடணும். சூடு வெளிய போக வழி வேணும்ல?"

இழுத்து வைத்தார்கள். "இப்ப?"

"சமமா நிக்குதான்னு பாக்க வேண்டாமா?" ஒரு தம்ளர் தண்ணீரை உச்சியில் வைத்து, கால் திருகுகளை மாற்றி மாற்றித் திருகினார். முக்கால் மணி நேரம். தண்ணீர் சமமாகிவிட்டது, அவர்தான் ஆகவில்லை.

"இப்பவாவது போடலாமா?"

"இங்க வெயில் விழுது பாரு. இந்தப் பக்கம் அடுப்பு. பாவம், அது எவ்வளவுதான் குளிரும்?"

"அப்ப வேற எங்க வைக்கிறது? அங்க வச்சா ஒயர் எட்டாது. எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாமா?"

"எக்ஸ்டென்ஷனா!" கையேடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சூடேறி உருகிடும்டி. அதுக்குன்னு தனி பாயிண்ட் வேணும். அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு."

ஆகவே அலமாரி நகர்ந்தது. அதன் பின்னால் ஒரு தனி நாகரிகமே புதைந்து கிடந்தது: மூன்று சீப்பு, ஒரு ஒற்றைச் செருப்பு, இரண்டு அங்குலத் தூசி. கையேடு பெருக்கினார். துடைத்தார். பிறகு சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து ஃப்ரீசரின் உட்புறத்தைக் கழுவினார். "ஈரம் இருந்தா பனிக்கட்டி கட்டிடும்" என்று ஒவ்வொரு இழுப்பறையையும் பச்சைக் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துவட்டினார்.

(இங்கே ஒரு வினோதம். மனிதர் காலையிலிருந்து பொய்க்காகவே வாய் திறக்கிறார், ஆனால் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் அந்தந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. உங்கள் வீட்டில் ஃப்ரீசர் வாங்கினால் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

"சரி, எத்தனை டிகிரில வைக்கணும்?"

அது ஐந்தாம் பக்கம். கையேடு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். இரண்டு நிமிடம் கழித்து வந்தார்.

"மைனஸ் பதினெட்டு."

"அதை உள்ள போய்தான் யோசிக்கணுமா?"

"அங்கதான் அமைதியா இருக்கு."

நாலு மணிக்கு டிரைவரம்மா போனைக் காதில் வைத்துவிட்டு வந்து, "ஐஸ்கிரீம் ஆறு மணிக்குத்தான் வருதாம்," என்றார். கையேட்டுக்குப் போன உயிர் ஆறு மணிவரைக்கும் திரும்பி வந்தது. ஆறு மணிக்கு, "எட்டுக்காம்." எட்டு மணிக்கு, "நாளைக்காம்."

இரவில் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

5

எனக்கு ஒரு சந்தேகம். டிரைவரம்மா பாத்திரம் சரியாக வரவில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளில் எவன் எவன் சட்டைக்குள் ஓணானை ஒளித்து வைத்திருக்கிறான் என்று கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கிற பெண்மணி, ஒரு நாள் முழுக்கவா ஏமாறுவார்? வாசகர் நம்ப மாட்டார். திருத்த வேண்டும். அதற்குள் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கையேடு கண்ணீர் மல்க உண்மையைச் சொல்கிறார். (மாட்டார். கண்ணீர் பற்றி எந்தக் கையேட்டிலும் போடவில்லை.)

(ஆ) யாரோ அவசரப்பட்டு பிளக்கைச் சொருகிவிட, கம்ப்ரஸர் ஒரு கடைசி விக்கலுடன்... (பிளக் என் மடியில் இருக்கிறது. முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள்.)

(இ) ஃப்ரீசரே வாய் திறந்து, "தாயே, நான் படுத்துக்கொண்டுதான் வந்தேன்" என்கிறது. (வாரண்டியில் வராது.)

6

பத்து பத்துக்கு அம்மா வந்தார். டிரைவரம்மா என்று வாசிக்கவும்.

"என்னடா எழுதுற?"

"கதை."

"குடு இங்க."

வாங்கிப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார், இரண்டும் நான் சிரிப்புக்காக எழுதிய இடங்கள் அல்ல.

"நாலரை அடின்னு கரெக்டா எழுதியிருக்கியே."

"அது... கற்பனைம்மா."

"அந்த வேன் தெரு முனையில திரும்பும்போதே எனக்குத் தெரியும்டா. அதுக்குள்ள ஆறடி எப்படி நிக்கும்? நான் என்ன பொம்மை காரா ஓட்டுறேன்?"

"அப்ப ஆறாம் பக்கம்?"

"போன வாரம் பூரா சோத்துக்குத் தொட்டுக்க இந்த வீட்ல அந்தப் புத்தகம்தானே? கடையிலேர்ந்து முன்னாடியே வாங்கிட்டு வந்து வாசிச்சாரே. ஆறாம் பக்கம் செவ்வாய்க்கிழமை. எனக்கு மனப்பாடம். இவரு கிழிச்சுப் பையில வச்சுக்கிட்டா என் மண்டையிலேர்ந்தும் போயிடுமா?"

"ஐஸ்கிரீம்?"

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குன்னு நேத்து பதினொன்னு இருபதுக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன். பதினொன்னுக்கு ஆன் பண்ணினா அஞ்சாறு மணி நேரம் காலியா ஓடிக் குளிரணும், அப்புறம்தான் சாமான் வைக்கணும். ஒன்பதாம் பக்கம், வியாழக்கிழமை."

"அப்ப ஏம்மா நாலு, ஆறு, எட்டுன்னு அவரை இந்தப் பாடு படுத்தின?"

"பதினேழு வருஷமா அலமாரிக்குப் பின்னாடி யாரும் பெருக்கல. நேத்து அவர் பெருக்கினார். வாயால சொல்றதைக் கையால செஞ்ச மனுஷனை நேத்துதான் பாத்தேன். நடுவுல போய்க் கெடுப்பேனா?"

தாளைத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது நின்றார்.

"புதன்கிழமைன்னா ஐஸ்கிரீம் தாங்காதுன்னுதானே படுக்கப் போட்டார். எனக்காக ஒரு அம்பையே திருப்பிட்டாருடா. அவராச் சொல்லுவாரான்னு பாக்குறேன். நீ மூச்சு விடாத. அப்புறம் அந்த மீசையைத் திரும்ப வச்சிடு. அது இல்லாம அவரு நல்லாவா இருப்பாரு?"

வைத்துவிட்டேன்.

7

பத்து ஐம்பத்தைந்து. கையேடு, மீசையோடு, வருகிறார். அலமாரிச் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து என்னிடம் குனிகிறார்.

"டேய், பக்கத்தை ஒட்டிட்டேன்." கிசுகிசுக்கிறார். "செலோ டேப். தெரியவே இல்ல. இனிமே யாருக்கும் தெரியாது."

புத்தகத்தைப் பிரித்துக் காட்டுகிறார். அழகாக, சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறார். ஒரு குறைதான். அவசரத்தில் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் அம்பு ஒட்டிய கை.

சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் கதவருகே குரல்.

"மணி ஆகப்போகுதே. அந்தப் புத்தகத்தைக் குடுங்க, எத்தனைல வைக்கணும்னு ஒரு தடவை பாத்துக்கிறேன்."

எத்தனை என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் பக்கம் திங்கட்கிழமை.

கையேட்டின் கை நீள்கிறது. டிரைவரம்மாவின் கை வாங்குகிறது. விரல் மூன்றாம் பக்கத்தைத் தள்ளுகிறது. நான்கு. ஐந்து.

கையேடு வாயைத் திறக்கிறார். "வந்து..."

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு பேரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் இதற்கு மேல் எழுதினால் அது துரோகம். டிரைவரம்மா புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, சத்தமாகவே வாசிப்பாரா? ஒன்றும் தெரியாதவர்போல் ஏழாம் பக்கத்துக்குத் தாவிவிடுவாரா? அல்லது அதற்குள் அந்த "வந்து..." ஒரு முழு வாக்கியமாகிவிடுமா? மூன்றையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். கிழிப்பது எங்கள் பரம்பரையில் புதிதாக வந்திருக்கிற பழக்கம்.

பதினோரு மணி. எண்ணெய் இறங்கிவிட்டது. இந்தாருங்கள், பிளக்கை நீங்களே பிடியுங்கள். அவர்களில் யார் முதலில் பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுச் சொருகுங்கள்.

கை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். அது மூன்றாம் பக்கம்.