கயிற்றுப் பாலத்தை அவன் ஏன் அறுக்கவில்லை

அட்டைப்படம் சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டது. அதில் வீரன் மாறனும், கதையில் மூன்று வருடமாக அவனைக் கொல்லத் துடிக்கும் தளபதி கருவேலனும் கைகோத்து நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்பது கதை எழுதிய சாமுவேலுக்கே தெரியாது.

வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. அத்தியாயத்தை எழுதுமுன்னே, மூன்று வாரம் முந்தி, அட்டைக்கு யோசனை சொல்லிவிட வேண்டும். 'எதிரிகள் நண்பர்களாகிறார்கள், அப்படியே வரையச் சொல்லுங்கம்மா' என்று ஆசிரியர் ஹபீபுன்னிசாவிடம் பெருமையாகச் சொன்னவர் சாமுவேல்தான். அதற்குள் காரணம் கிடைத்துவிடும் என்ற திமிர். கிடைக்கவில்லை.

நேற்று அந்த அம்மா, சாமுவேல் வேலை பார்க்கும் மில்லுக்கே போன் செய்துவிட்டார். காகித விலை ஏறிவிட்டது, இனி ஒரே தொடர்தான். அட்டைக்குப் பொருத்தமான அத்தியாயம் இன்று நாலு மணிக்குள் வந்தால் சாமுவேலின் தொடர் இருக்கும். வராவிட்டால் அட்டையில் வேறு பெயரை ஒட்டிக்கொண்டு தம்பிதுரையின் தொடர் இருக்கும்.

தம்பிதுரை என்ற பேரைக் கேட்டாலே சாமுவேலுக்கு வயிறு எரியும். சாமுவேலின் அப்பா ஊரார் தோட்டங்களில் ஏர் ஓட்டியவர். தம்பிதுரைக்கோ சொந்தத் தோட்டம், சரவணம்பட்டியில் மோட்டார்களுக்குச் செம்புக் காயில் கட்டும் கடை. அவருக்கு எழுத்து பொழுதுபோக்கு, தனக்கு அதுதான் எல்லாம் என்பது சாமுவேலின் கட்சி.

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, அன்னூர் வீட்டில் காலையிலிருந்து எட்டுத் தாளைக் கிழித்தாயிற்று. உட்கார்ந்தால் எழச் சொல்லியது மனசு, எழுந்தால் உட்காரச் சொல்லியது. வாசகர் கடிதக் கட்டைப் பிரித்துப் புரட்டினார். கொடுமுடி மாசாணியம்மாள் ஒரு வாரம் தவறாமல் திட்டி எழுதுகிறவள். கடைசிக் கார்டில் ஒரே கேள்வி: 'ஒன்பதாம் அத்தியாயத்தில் மாறன் கயிற்றுப் பாலத்தில் நடக்கிறான். கருவேலன் கையில் கோடாலி இருக்கிறது. ஏன் அறுக்கவில்லை? எழுதியவர் தூங்கிவிட்டாரா?'

எரிச்சலோடு கார்டைத் திருப்பினார். அஞ்சல் முத்திரையில் சரவணம்பட்டி என்றிருந்தது. பழைய கார்டுகளையும் திருப்பிப் பார்த்தார். எல்லாமே தம்பிதுரை கடை இருக்கும் சரவணம்பட்டி.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வழியெல்லாம் என்னென்ன கேட்பது என்று வரிசை கட்டி வைத்தார். கடை வாசலில் நின்றதும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஏனுங்க மாசாணியம்மா, சௌக்கியமுங்களா?"

செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த தம்பிதுரையின் கை நின்றது. காது வரை சிவந்துபோனார்.

"நாந்தானுங்க," என்றார். "தப்புக் கண்டுபுடிச்சு உங்க மானத்த வாங்கோணும்னுதான் படிக்க ஆரம்பிச்சனுங்க. இப்ப வியாழக்கெழமையானா, கடையத் தொறக்கறதுக்கு முந்தி அந்த ரெண்டு பக்கத்தப் படிச்சாத்தான் வேலையே ஓடுதுங்க."

சாமுவேலின் கோபம் பாதியில் நின்றது.

"சொல்லுங்க, பாலத்த ஏன் அறுக்கலீங்க?"

"மறந்துபோட்டனுங்க," என்றார் சாமுவேல். இதை வேறு யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

"நீங்க மறந்திருப்பீங்க. கருவேலன் மறக்கலீங்க. அவன் நின்னு பாத்துட்டே இருந்தான்."

சாமுவேல் பட்டறைப் பலகையிலேயே உட்கார்ந்து தாளை எடுத்தார். மாறனை வீழ்த்த வழி தேடித் தேடி, அவன் எந்தக் காலை முதலில் வைப்பான், பயந்தால் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று எல்லாம் கருவேலன் படித்துவிட்டான். உலகத்தில் அவனை இவ்வளவு அறிந்தவன் வேறு யாருமில்லை. பாலத்தை அறுத்தால் நாளைக்குப் பார்க்க ஆளிருக்காது. பேனா நிற்காமல் ஓடியது. தம்பிதுரை ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இந்த மனுசனின் தொடர்தான் நிற்கப் போகிறது என்பதைச் சொல்ல சாமுவேலுக்கு வாய் வரவில்லை. அது அவரை அரித்தது.

மூன்றேகாலுக்கு முடிந்தது. பஸ்ஸை நம்ப முடியாது என்று தம்பிதுரை மொபெட்டை எடுத்தார். கணபதிப் பக்கம் சாலையை லாரிகள் மறித்தன. சாமுவேல் பின்னால் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜவீதிப் பத்திரிகை அலுவலக மாடிக்கு அவர் ஓடியபோது நாலு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம். ஹபீபுன்னிசா நின்றபடியே படித்தார். "இது போதுங்க, அச்சுக்குக் குடுத்துடறேன்," என்றார்.

சாமுவேல் கீழே வந்தார். தம்பிதுரை முகத்தில் நிஜமான ஆவல்.

"வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "உங்க தொடர நிறுத்தறாங்க. எனக்கு நேத்தே தெரியுமுங்க. சொல்லாம உட்டுட்டன்."

"எனக்கும் நேத்தே தெரியுமுங்க," என்றார் தம்பிதுரை. "உக்காருங்க, பஸ் ஸ்டாண்டுல உடறேன்."

மொபெட் கிளம்பியது. இந்த ஆள் எழுதுவதை நிறுத்த வேண்டும் என்று சாமுவேல் எத்தனை நாள் வேண்டியிருக்கிறார். இப்போது நின்றுவிட்டது.

"தம்பிதுரைங்க," என்றார் முதுகைப் பார்த்து. "உங்க கதையில எளவரசி கல்லாப் போயிட்டாளே. அவள யாருங்க மீட்கறது?"

வண்டியின் வேகம் குறைந்தது.

"படிச்சீங்களா?"

"நானும் ஒரு வாரம் உட்டதில்லீங்க."

தம்பிதுரை வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்தார். பிறகு, இனி அச்சில் வரவே போகாத அந்தக் கதையை, அடுத்த வாரத்து அத்தியாயத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.