பத்தரை காட்டிய இரண்டு கருவிகள்

மூன்றாம் தொட்டியின் ஏணியிலிருந்து இறங்கிய மாபுலாவுக்குக் கடைசிப் படி தட்டுப்படவில்லை. செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாகத் தலைசுற்றல், நெஞ்சில் கனம்.

ஃபோர்மேன் மசலு சிரித்தார். "நேத்து எத்தன கிளாஸ் உள்ள போச்சு?"

"எங்க சபையில குடிச்சா ஊரவிட்டே தள்ளி வெச்சிருவாங்கண்ணே. தொட்டியிலதான் என்னமோ சரியில்ல."

கெய்ட்டா ஊரின் அந்தத் தங்க ஆலையில், தொட்டி சரியா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் சோதனைக்கூடத்து லிமி. அரைத்த கல்லைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கிற தொட்டிகள் அவை. சுண்ணாம்பு குறைந்து நீரின் பி.ஹெச். பத்தரைக்குக் கீழே போனால், சயனைடு வாயுவாகக் கிளம்பிவிடும். தொட்டிக் கருவியைப் பார்த்தாள். பத்தரை. கைக்கருவியை முக்கினாள். அதுவும் பத்தரை.

ரெண்டு சாட்சி ஒரே மாதிரி பேசுகிறதே, டீ குடித்துவிட்டு மேலே ஏறு என்று மாபுலாவிடம் சொல்லிவிட்டு மசலு நகர்ந்தார்.

லிமிக்கு அந்த ஒற்றுமைதான் உறுத்தியது. ஒன்று போன மாதம் வந்தது. மற்றது சுண்ணாம்பு படிந்த பழசு. இரண்டுக்கும் ஒரு புள்ளிகூடவா வித்தியாசம் இருக்காது?

தினமும் காலையில் இரண்டையும் அவள்தான் திருத்துவாள். பி.ஹெச். சரியாகப் பத்து உள்ள திரவத்தில் முக்கி, 'இதுதான் பத்து' என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். திரவம் தார் எஸ் சலாமிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும். அதனால் மிச்சத்தைக் கீழே கொட்டாமல் புட்டியிலேயே திரும்ப ஊற்றிவைப்பாள். சிக்கனம் என்று மசலு எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார். எட்டு மாதமாக ஒரே புட்டி. திறந்து திறந்து மூடிய திரவம் காற்றைக் குடித்துக்குடித்து அதன் பி.ஹெச். இறங்கிக்கொண்டே போகும் என்று படித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அலமாரியில் கையிருப்பாக இருந்த புதுப் புட்டியின் முத்திரையை உடைத்துக் கைக்கருவியை முக்கினாள். பத்து காட்ட வேண்டும். பத்து புள்ளி நாலு ஆறு காட்டியது. அப்படியானால் தொட்டியின் பத்தரை, உண்மையில் வெறும் பத்து.

ஓடினாள். மாபுலா ஏழாவது படியில் இருந்தான்.

"மாபுலா அண்ணே, இறங்குங்க. ரெண்டு கருவியும் தப்பு. தப்பு என்னோடது."

அவன் குனிந்து பார்த்தான். "மூணு நாளா நான் சொன்னத நம்பாம, அந்தப் பெட்டி சொன்னத நம்புனீங்களே தங்கச்சி."

அவன் இறங்கி முடிக்கும்வரை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மசலு அவளைத் தனியாக இழுத்துப்போய்க் குரலைத் தணித்தார். கருவி பழசாகிவிட்டது என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிடலாம், புட்டிப் பேச்சே வேண்டாம், இருவருக்கும் நல்லது என்றார்.

"அப்ப அடுத்த ஷிப்டுக்காரங்க அதே புட்டியத்தான் எடுப்பாங்கண்ணே."

மசலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாயு முகமூடி போட்ட ஆட்களைக் கூப்பிட்டுத் தொட்டியில் சுண்ணாம்பைக் கொட்டச் சொன்னார்.

மருத்துவமனைக்குப் போகிற பிக்கப், காற்று வருகிற பக்கத்து வாசலில் நின்றது. அதன் திறந்த பின்பக்கத்தில் மாபுலா மல்லாந்து படுத்து, பசித்தவன் சாப்பிடுவதுபோல் வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டிருந்தான். லிமி ஏறி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் தள்ளிப்படுக்கவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.