இடது கைக்கான உறை

"சினிமாவுல இருந்து அரசியலுக்குப் போவாங்க, பார்த்திருக்கறேன். இந்தாளு தலகீழா வர்றானே. சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன். வரப்போகிறவர் இத்தாலியில் மிதவாத இடதுசாரிக் கட்சியில் மந்திரியாக இருந்தவராம். தேர்தலில் தோற்றதும் நாவல் எழுதினாராம். இப்போது படம் எடுக்கிறாராம். முதலாளியின் மகள் தரணி சொன்னபோது எங்களில் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனிக்குள் வந்தால், தொழிலாளர் வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்குத்தான் வருவான்.

ஆகவே ஆடிட்டு நாளின் ஏற்பாடெல்லாம் நடந்தது. கக்கூசுக்குச் சோப்பு வந்தது. பீரோவில் பூட்டிக்கிடந்த இரும்புக் கையுறை கட்டிங் மேசைக்கு வந்தது. போன மாதம்வரை அந்த மேசையில் நின்றவர் என் வீட்டுக்காரர் காசிமாயன். கட்டிங் மெஷின் அவருடைய இடது ஆள்காட்டி விரலைக் கொண்டுபோன அன்றும் உறை பீரோவில்தான் இருந்தது. "நீ வாயத் தொறக்காம இருந்தீனா அவனுக்கு வாட்ச்மேன் வேல நிச்சயம் அம்மணி" என்றிருந்தார் முதலாளி. இன்றைக்கு என் வீட்டுக்காரர் கம்பெனிப் பக்கமே வரக்கூடாதென்றும் உத்தரவு.

இத்தாலிக்காரர் கசங்கிய சட்டையோடு வந்தார். மந்திரி என்றால் யார் நம்புவார்கள்? வேலை முடிந்தால் என்ன செய்வாய் என்று தரணி வழியாக என்னிடம் கேட்டார்.

"எட்டு மணி நேரந்தான் வேல. ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம்" என்று ஆடிட்டுக்குச் சொல்லித்தந்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"கட்சி மேடைல அவரும் இப்படித்தான் ஒப்பிப்பாராமுங்க" என்றாள் தரணி. இந்த ஆடிட்டர் நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேமராவோடு கட்டிங் மேசைக்குப் போனார். அங்கே நின்ற முனீஸ், ஒருநாளும் போட்டறியாத உறையை மெஷின் பிடிக்கும் வலது கையில் மாட்டியிருந்தான். துணியை அழுத்தும் இடது கை கத்திக்கு முன்னால் வெறுமனே கிடந்தது. இத்தாலிக்காரர் பதறிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"அவங்கம்மா துணி வெட்டுனவங்களாம். உறை இடது கைக்குங்கறார். இங்க எப்பவும் நிக்கறது யாருன்னு கேக்கறார்" என்ற தரணியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

முதலாளி என்னையே பார்த்தார். இவன் ஆடிட்டரோ, படக்காரனோ, எவனாயிருந்தாலும் நாளைக்கு விமானம் ஏறிவிடுவான். வாட்ச்மேன் வேலை போனால் தெருவில் நிற்கப்போவது நாங்கள். எனக்குப் பயமாக இருந்தது. முனீஸின் வெறுங்கை இன்னும் துணிமேலேயே கிடந்தது.

மேசைக்குப் போய் முனீஸின் உறையைக் கழற்றி என் இடது கையில் மாட்டினேன். கேமராவுக்கு நேரே கையைத் தூக்கினேன். அது ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிக்கொண்டு நின்றேன்.