அசல் கூட்டம்

பெரியவர் செத்து இருபது வருடம் கழித்து அவரைப் பேச வைக்கிற வேலை எனக்கு வந்தது.

கட்சி ஆபீசிலிருந்து அவருடைய மேடைப் பேச்சு கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து என் ஒலிப்பதிவுக் கூடத்தில் இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் குரலை மட்டும் பிரித்துக் கணினிக்குப் பழக்க வேண்டும். பழகிவிட்டால் நாம் எழுதிக் கொடுப்பதை அது அவர் குரலிலேயே பேசும். பிரிக்கும்போது இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்றில் குரல். மற்றதில் கைதட்டல், இருமல், மைக் கரகரப்பு எல்லாம். அதை மிச்சம் என்போம். யாரும் கேட்பதில்லை.

ஆலை வாசல் கூட்டத்தின் மிச்சத்தை மட்டும் கேட்டேன். அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

முதலில் கோஷம். பிறகு ஓடுகிற கால்கள், தடியடி. நடுவில் ஒரு பெண், "அவரை விட்டுடுங்கய்யா, விட்டுடுங்க" என்று கதறினாள். அம்மாதான். என்னைக் கூப்பிடும்போதும் அவள் குரல் கடைசியில் அப்படித்தான் உடையும்.

அடுத்து, குரல் கோப்பைப் போட்டேன். அதே நேரத்தில் பெரியவர் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தார். மூச்சுகூட இடறவில்லை.

அம்மா பெரியவர் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். கரண்ட் போனால், பஸ் வராவிட்டால், "அவரு ஆட்சியில இப்படியா இருந்துச்சு?" என்பாள். என் விவாகரத்துக்கே அவர் போனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவள். அன்று அப்பாவைப் பற்றி மறுபடி கேட்டேன். காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். மறந்துவிட்டாளா, மறைக்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பெரியவரின் மகனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். தலை நரைத்தும் அவர் சின்னவர்தான். இந்தத் தேர்தலில் நிற்பவர். தயாரான குரலைக் கேட்க வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கேம்மா. எங்கப்பான்னா சுத்தி ஜனம் இருக்கணும். அந்தக் காலத்துக் கூட்டத்தையே பின்னாடி போடு."

"அசலேவா சார்?"

"அசலேதான். ஜனங்க அதைக் கேட்டுத்தான் உருகுவாங்க."

உள்ளுக்குள் தித்தித்தது. பெரியவர் வாயில் அசிங்கமாக எதையாவது போட்டுவிடலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். போட்டிருந்தால், பொய் என்று உடனே நிரூபித்திருப்பார்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒத்திகையில் கைதட்டல் வரும் இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். பிரமாதம் என்றார்.

பொதுக்கூட்டத்துக்கு அம்மா வழக்கம்போலக் கிளம்பினாள். தடுத்திருக்கலாம். மேடையோரம் என் மேசைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி கேட்டு வாங்கினேன். சின்னவரைவிட அவள் காதில்தான் அது விழ வேண்டும் என்றிருந்தது. காய்ச்சல், காய்ச்சல் என்று என்னை ஏய்த்தாளே, அதற்காக.

திரையில் கணினி உருவாக்கிய பெரியவர் எழுந்தார். விசில் பறந்தது. பொற்காலத்தைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்றார். அவருக்குப் பின்னால் பழைய கைதட்டலை ஓட விட்டேன். பிறகு ஆலை வாசல் மிச்சத்தை மெல்லக் கூட்டினேன்.

தடிச் சத்தம் கேட்டதும் முன்வரிசைக் கைகள் அப்படியே நின்றன. பெரியவர் சிரித்த முகமாக ஒழுங்கைப் பற்றிப் பேசினார். கதறல் மைதானம் முழுக்கப் பரவியது. சின்னவர் மேடையிலிருந்து குறை, குறை என்று கையை ஆட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு இன்னும் கூட்டினேன்.

அம்மா எழுந்து வந்தாள். ஏன்டி இப்படிப் பண்ணினே என்று கேட்டால் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"உங்கப்பா குரல் இதுல எங்கயாவது இருக்காடி?"

தேடியிருந்தேன். அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு முனகலையும் தனியாக எடுத்துத் தேடியிருந்தேன்.

"இல்லம்மா. நீ மட்டும்தான் இருக்க."

தலையாட்டினாள்.

கட்சி ஆட்கள் இருவர் என் மேசையை நோக்கி ஓடி வந்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்து வழியை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளுங்கம்மா" என்றான் ஒருவன்.

"முடியட்டும்" என்றாள்.