டூ வீக்

ஜவுளிக்காரருக்கு வாங்கும்போது எல்லாத் துணியும் வீக், விற்கும்போது எதுவுமே வீக் இல்லை. டீயில் பால் தூக்கலாக இருந்தால் அதுவும் வீக்; மகள் கணக்குப் பாடத்தில் வீக். இப்படி நாள் முழுக்க அந்தச் சொல்லை மென்றுகொண்டிருந்தவருக்கு, சொல்ல வேண்டிய இடத்தில் இன்ஜினியர் சொன்னபோது மட்டும் காது ஏமாற்றிவிட்டது.

நேற்று வந்த இன்ஜினியர், மாடிக் குடோனைத் தாங்கும் மர உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டூ வீக். காலி பண்ணிடுங்க."

ரெண்டு வாரம் தாராளம் என்று தலையாட்டிய ஜவுளிக்காரர், புதிதாக வந்திறங்கிய துணிப் பேல்களையும் மாடிக்கே ஏற்றச் சொன்னார். இன்று காலையும் மச்சினன் மேலே அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கீழே கடை மேஜையில் இருந்தவருக்கு இன்ஜினியரின் போன் வந்தது.

"மாடி காலியா?"

"அதான் டூ வீக் டைம் குடுத்தீங்களே சார்."

"ஐயோ, அது டைம் இல்லைங்க. டூ வீக்னா ரொம்ப ரொம்ப வீக்! உத்தரம் உள்ள செல்லரிச்சுக் கெடக்கு. மேல யாராவது இருக்காங்களா?"

மேஜைக் கண்ணாடியில் பொடிப்பொடியாக மரத்தூள் விழுந்தது. தலைக்கு மேல் மச்சினனின் காலடி, கூடவே சீட்டி.

கத்தினால் பயல் குதித்து ஓடிவருவான். ஜவுளிக்காரர் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"மாப்ளே..."

"என்ன மாமா, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?"

"கையில இருக்கறத மெதுவா வச்சிட்டு, சுவத்த ஒட்டியே கீழ வா. நடுவுல கால் வைக்காத."

"ஏன், நடுவுல பெயிண்ட் அடிச்சிருக்கா? இன்னும் நாலு பேல் இருக்கு மாமா."

"கெடக்கட்டும். வாடா, நீ கேட்டத வாங்கித் தரேன்."

"பைக்கா?"

"பைக்."

"புதுசா?"

"புதுசு."

சீட்டி நின்றது. கைக்குட்டைக்கே அரை மணி பேரம் பேசும் மாமா, முதல் வார்த்தையிலேயே ஒத்துக்கொண்டார். அப்போதுதான் மச்சினன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"மாமா... தரை அசையுது."

"பேசாத. சுவத்த விடாத."

ஒரு காலடி. உத்தரம் முனகியது. இன்னொரு காலடி. மேஜை மீது தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் படிக்கட்டு கிறீச்சிட்டது. வெளுத்த முகத்தோடு மச்சினன் இறங்கி வாசலுக்குப் போனான்.

"வந்துட்டான் சார்," என்று ஜவுளிக்காரர் போனில் சொன்னார்.

"நல்லது. நீங்க எங்க நிக்கறீங்க?"

ஜவுளிக்காரர் அண்ணாந்து பார்த்தார். உத்தரத்தின் விரிசல் நேராக அவர் நெற்றியைப் பார்த்தது. ஓட வேண்டும் என்று புரிந்தது, முட்டிக்குப் புரியவில்லை.

மச்சினன்தான் திரும்ப ஓடிவந்து, சட்டைக் காலரைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல் அவரைத் தெருவுக்கு இழுத்துப் போட்டான். பின்னாலேயே கடைக்குள் இடி இடித்ததுபோல் உத்தரம் சரிந்தது. வாசல் வழியாகப் புழுதி பீறிட்டு வந்தது. மேஜை இருந்த இடத்தில் பேல்கள் குவிந்து கிடந்தன.

"என்ன மாமா, காலு வீக்கா?" என்றான் மச்சினன். தலையில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டான்.

ஜவுளிக்காரர் அவன் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்த பிறகும் விடவே இல்லை.