இரண்டு நிழல், ஒரு சீட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம்; நான் சொல்லப்போகும் கதை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

எல்லைச் சாவடியில் கெடுபிடி வந்த நாள் முதல், அங்கே வண்டிகளுக்கு நிழல் விழவில்லை. உள்ளே இருந்த மனிதர்களுக்கு மட்டுமே விழுந்தது. முதல் வாரமே ஒரு வெங்காய லாரியிலிருந்து ஐந்து சிறுமிகளின் நிழல் தார் ரோட்டில் விழுந்தது. கடைசிச் சிறுமியுடையது சுருண்டு கிடந்தது. லாரிக்காரனிடம் இருந்ததோ ஒரே ஓர் அனுமதிச் சீட்டு. மூட்டைகளைத் தள்ளிப் பிள்ளைகளை மீட்டு, தண்ணீர் கொடுத்த கையோடு சாவடி அதிகாரியம்மா சட்டம் எழுதினாள்: எத்தனை நிழலோ அத்தனை சீட்டு, யாராக இருந்தாலும் சரி. அதோடு பிள்ளைக் களவு நின்றது. இரண்டு பக்கத்துத் தாய்மார்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் வரிசையில் நின்றே கீரை வாடியது. மருந்து வாங்கப் போனவன் காய்ச்சல் தீர்ந்தபிறகுதான் வந்து சேர்ந்தான்.

மூன்றாம் வருடம், அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அதிகாரியம்மாவின் தங்கை, இடுப்பு வலியோடு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு சீட்டு. காலடியில் இரண்டு நிழல்: பெரியதொன்று, அதன் வயிற்றருகே சுருண்ட சின்னதொன்று.

"இன்னொரு சீட்டு எங்கடி?"

"விளையாடுறியாக்கா? பிள்ளை வெளிய வந்து கையெழுத்துப் போட்டுட்டு, மறுபடி உள்ள போயிடுமா?"

"விடுங்கம்மா, கூடப்பிறந்தவதானே" என்றார் வரிசையில் நின்ற கீரைக்காரர்.

"இன்னைக்குத் தங்கச்சின்னு விட்டா, நாளைக்கு லாரிக்காரன் மச்சான்னு வந்து நிப்பான்."

"அப்போ என் பிள்ளைக்குப் பதிலா உன் சட்டத்தையே தூக்கிக் கொஞ்சு!" தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது.

அதிகாரியம்மா அந்தச் சின்ன நிழலைப் பார்த்தாள். வெங்காய லாரியின் கடைசிச் சிறுமியும் இப்படித்தான் கிடந்தாள். சட்டைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்தாள். தன் பெயரை அடித்து, 'தங்கை பிள்ளை' என்று எழுதி முத்திரை குத்தினாள். "ரெண்டு நிழல், ரெண்டு சீட்டு. ஓடுடி." சீட்டு போனது. அவளுடைய நிழலும் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதன் பின்னாலேயே போனது.

பெயர் மாற்றி முத்திரை விழுந்த சீட்டு திரும்பாது; ஒருத்திக்கு இரண்டாவது சீட்டும் கிடையாது. சீட்டில்லாதவள் எந்தப் பக்கமும் கால் வைக்க முடியாது. வீடு மூன்று தெரு தள்ளித்தான். பத்தொன்பது வருடம் சாவடி பெஞ்சிலேயே படுத்தாள். சட்டத்தை எடுத்துவிடச் சொன்னவர்களிடம், "அந்த அஞ்சு பேர்ல ஒருத்தி இப்போ டீச்சர்" என்பாள். அப்படியே இருக்கட்டும் என்றவர்களிடம், "பெஞ்சு நீளம் பத்தலை" என்பாள்.

தினமும் சாயங்காலம் தங்கை மகள் டிபன் கேரியரோடு பெரியம்மாவைப் பார்க்க வருவாள். அவளுக்கு இரண்டு நிழல். ஒன்றுக்குத் தலையில் தொப்பி. வரிசையில் நிற்பவர்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள். அதிகாரியம்மா எண்ணிப் பார்ப்பாள். இரண்டு. சரி. பிறகு மூடியைத் திறந்து சாப்பிடுவாள்.

உங்கள் வாசலில் விழுகிற நிழலெல்லாம் உங்கள் மனிதர்களுடையதாகவே இருக்கட்டும், கண்ணுகளா. விளக்கேற்றி எண்ணும்போது ஒன்றுகூடக் குறையாதிருக்கட்டும்.